பசியின் கொக்கி

காசிமேடு தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ நகராமல் நிற்கிறது. எம்.எஸ்சி. மாணவன் பகலவனின் மடியில், ராத்திரியெல்லாம் விழித்துக் கம்பியில் வளைத்த இரண்டு புரத மாதிரிகள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குப் பசி வந்தால் இந்தப் புரதங்களில் ஒன்றின் கொக்கி மற்றதில் மாட்டும். உடனே செல் தன்னுள் கிடக்கும் பழைய சரக்கையே தின்று உயிர் பிழைக்கும். இதை இன்று தேர்வாளர் முன்னால் மாட்டிக் காட்டினால்தான் அவனுக்குப் பட்டம். பக்கத்தில் நெருக்கி உட்காரும் மீன்காரக் கெங்கம்மாவின் அன்னக்கூடை அழுத்தி, கொக்கி பாதி நிமிர்கிறது. "கம்பி குத்துது நைனா" என்று மீதியையும் அவளே அக்கறையாக நிமிர்த்தித் தருகிறாள். தூசி கலந்த வெயிலில் கம்பி நேராகப் பளபளக்கிறது. பகலவன் மாட்டிப் பார்க்கிறான், வழுக்கிக்கொண்டு போகிறது. கோபப்படவும் உடம்பில் தெம்பில்லை.

"போச்சுக்கா. இனிமே இது தன்னைத் துன்னாது. பட்டினில செத்துடும்."

"யாரு?"

"ஈஸ்ட்டு. அப்பால நானு."

கெங்கம்மா அவன் முகத்தையே பார்க்கிறாள். "காலைல இன்னா துன்னே?"

கொக்கி எதுவும் தேவைப்படாமல், அவன் வயிறு உரக்கப் பதில் சொல்கிறது.