எல்லாப் படத்திலும் இதழினி

தென்காசியிலிருந்து தலைநகர் சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்த செந்தூர்பாண்டி குடும்பம் வேனைவிட்டு இறங்குவதாக இல்லை. போகிற இடத்திலெல்லாம் குடும்பமே நின்று சிரிப்பதுபோல் போனே படம் தயாரித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடும். பிறகு எதற்கு வெயிலில் அலைவது? எழும்பூர் மியூசியத்தில் மட்டும் இறங்கினார்கள், பாத்ரூம் போவதற்காக.

வேன் வண்டலூர் மிருகக்காட்சிசாலை வாசலுக்கு வந்தபோது செந்தூர்பாண்டியின் மனைவி மாலதிக்கு ஓர் அழைப்பு.

“மியூசியம் வாட்ச்மேன் பேசுறேம்மா. உங்க பொண்ணு இதழினி இங்க திமிங்கல எலும்புக்கூடுகிட்ட அழுதுட்டு நிக்குது.”

மாலதி பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். வெள்ளைப்புலிக்கு முன்னால் இதழினி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாமியார் ஹார்ட் போட்டிருந்தார்.

“யாரு?” என்றான் செந்தூர்பாண்டி.

“ஏமாத்துக்காரப் பயலுவ. பிள்ளையக் காணோம்னு ஆரம்பிச்சு, கடைசில ஓடிபி கேப்பானுவ” என்றவள், அந்த எண்ணை பிளாக் செய்தாள்.