தூசி படியாத சக்கரம்

பழைய பிரேக் பேடு கரித்தூளாகக் கொட்டுகிறதென்று கார்ச் சக்கரத்துக்கு ஓயாத எரிச்சல். சொந்தக்காரருக்கும் கழுவிக் கழுவி அலுத்துவிட்டது. அதிகம் தூசி கொட்டாத புதுப் பேடாகத் தேடி வாங்கி மாட்டினார். சக்கரம் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது.

“நீ தேயவே மாட்டியா?” என்று புதுப் பேடிடம் ஆசையாகக் கேட்டது சக்கரம்.

“மாட்டேன்.”

“அப்புறம் வண்டி எப்படி நிக்குது?”

“பக்கத்துல இருக்கிறவங்க தேய்வாங்க.”

பிரேக் போட்டதும் பேடு கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க், வாயாடி. அது கொஞ்ச நாளாகப் பேசுவதில்லை. தகடாக மெலிந்திருந்தது. சக்கரம் தன் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

மலையிறக்கத்தில் ஒருநாள், பிரேக்கை மிதித்ததும் டிஸ்க் சத்தமில்லாமல் உடைந்து விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

“பயப்படாதே,” என்றது பேடு சக்கரத்திடம், வெகு அன்பாக. “இனிமே எனக்குப் பக்கத்துல நீதான்.”