கொடிக்கயிறு

நாளை சுதந்திர தினம். ஊராட்சி அலுவலகக் கூடத்தில் அரசுத் தேர்வுக்கான மாலை வகுப்பு நடக்கிறது. விடுதலைப் போராட்டத்தின் காரணங்களை ஆசிரியர் சொல்லச் சொல்ல எண் போட்டு எழுதுகிறேன். எண் சரிதானா என்று திரும்பவும் பார்த்துக்கொள்கிறேன். நிலவரி, உப்புவரி, இந்தியர்களுக்குப் பதவி தந்தும் அதிகாரம் தராதது. சன்னலுக்கு வெளியே, சாயும் வெயிலில், கொடிக்கம்பத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஊராட்சித் தலைவர் பிரிஸ்கில்லா கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்; கப்பி கிறீச்சிடுகிறது. துணைத்தலைவர் பஞ்சாட்சரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார். “இன்னாம்மா பேஜார் பண்ணிக்கினு? உனக்குத்தான் மொத வரிசைல சேர் போட்டுகீதே. கொடிய நான் ஏத்திக்கிறேன்.” “போன வருசமும் சேர்லதான் குந்திக்கினு இருந்தேன்ணா. கை தட்டியே உள்ளங்கை காய்ச்சிப் போச்சி.” வகுப்பில் யாரோ சிரித்து உடனே அடக்கிக்கொள்கிறார்கள். பஞ்சாட்சரத்தின் தாடை இறுகுகிறது. “காலனி ஆளு இந்தக் கயிறப் புடிச்சதில்ல. காலைல பாக்கலாம்.” பிரிஸ்கில்லா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பத்தின் மேடையிலேயே உட்கார்கிறார், எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. ஆசிரியர் சன்னலைச் சாத்துகிறார். “எதுல வுட்டோம்?” “பதவி தந்தும் அதிகாரம் தராதது, சார்,” என்கிறேன். “அது முடிஞ்சி போச்சி. அடுத்தது எழுது.”