அழத் தெரியாத இயக்குநர்

உலகத்தின் தலைவிதியை நிர்ணயிக்கும் மாபெரும் கூட்டம், கிர்கிஸ் மலையடிவார நிலக்கரிச் சுரங்கத்தின் தேநீர் அறையில் தொடங்கியது. இயக்குநர் குபாத்தை நீக்கச் சொல்லித் தீர்மானம். குறிப்பெடுத்த பெர்மெட்டின் கணவன் அப்போது சுரங்கத்தின் அடியில் வேலையில் இருந்தான்.

"ஆள் முகத்தையே பார்க்கமாட்டான். கைகுலுக்கப் போனா, நம்ம தலைவிளக்கைச் சோதிக்கிறான்!" என்றான் சங்கத் தலைவன் சாபார். "பழைய இயக்குநர் அஷிர் தங்கமான மனுஷன். சுரங்கத்துல யார் செத்தாலும் சாவுக் கூடாரத்துக்கு ஒப்பாரி வச்சுக்கிட்டே ஓடி வருவாரு. இவன் வந்து மூணு வருஷமாச்சு, ஒரு சாவுக்காவது வந்து அழுதானா?"

"கல்நெஞ்சன்!" என்று கைகள் உயர்ந்தன.

"எழுதிக்கோ தங்கச்சி."

பெர்மெட் பேனாவை நிறுத்தினாள். "யார் யார் சாவுக்கு வரலைன்னு பேரைச் சொல்லுங்கண்ணே."

சாபார் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலிலேயே நின்றான்.

மூன்று வருடமாகச் சுரங்கத்தில் ஒருவரும் சாகவில்லை.