சந்தேகப்பிராணியின் முதல் கேள்வி

"யாருங்க இந்தச் சந்தேகப்பிராணி?"

கேக் கடைக்காரி போனைக் கணவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கடையில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருந்தவன் குனிந்து படித்தான். "'இந்த ரோஜா இதழுக்கு கிரீம் பிழிய எத்தனாம் நம்பர் நாசில்?' உன் வீடியோவுக்குக் கீழ அந்தப் பேர்ல ஒரு கேள்வி. இதுல என்ன தப்பு?"

"வீடியோ போட்டு ஒரு நிமிஷம் ஆகல, முதல் ஆளா வந்து நிக்குது! போன வாரம், முட்டை இல்லாம எப்படி உப்பும்? அதுக்கு முந்தி, வெண்ணெயை எவ்வளவு நேரம் அடிக்கணும்? நாப்பது வீடியோ, நாப்பது கேள்வி. எனக்கே பரீட்சை வைக்குது! ஒரு நாளாச்சும் 'நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்கா? ம்ஹூம்!"

"தொழில் கத்துக்கிற யாராச்சும் இருக்கும்."

"கத்துக்கிற ஆள் பதிலுக்கு ஒரு நன்றி சொல்லாதா? முகமும் இல்ல, ஒழுங்கா ஒரு பேரும் இல்ல. பிளாக் பண்ணிடறேன்."

"அட, அவசரப்படாதே. வீடியோ போடற ஒவ்வொருத்தரையும் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. உன் பக்கத்துல மட்டும் பாரு, அந்தக் கேள்விக்குக் கீழ எல்லாரும் நாசிலைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க. கொடுத்து வெச்சவ நீ."

அது என்னவோ உண்மைதான். முதல் வீடியோவை அவள் பயந்து பயந்துதான் போட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கடைக்காரியும் இப்படித்தான் ஆசை ஆசையாய் ஒரு மூணு அடுக்குக் கேக்கை வீடியோ எடுத்துப் போட்டாள். கேக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் பக்கத்தையே மூடிவிட்டாள். கேக் ஆர்டரும் நின்றுபோய், இப்போது வெறும் பன்னும் ரொட்டியும்தான் விற்கிறாள். இவளுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போட்டிக் கடையாச்சே!

மறுநாள் காலை ஆரஞ்சு கேக் வீடியோ. போட்ட கையோடு கேள்வி வந்து விழுந்தது.

'ஓவன் கதவை ஏன் இன்னைக்குத் துணி வெச்சுக் கட்டியிருக்கீங்க? சூடு வெளியே போகாதா?'

பதில் எழுதப் போனவள் அப்படியே நின்றாள்.

கதவின் ரப்பர் காலையில்தான் பிய்ந்தது. துணி கட்டியதும் நிஜம். ஆனால் வீடியோவில் ஓவன் எங்கே வருகிறது? மூணு தடவை போட்டுப் பார்த்தாள். கேக்கும் அவள் ரெண்டு கையும்தான் இருந்தன. ஓவன் இருப்பது வாசலைப் பார்த்த சுவரோரம். அது கண்ணில் படவேண்டும் என்றால்...

தலையைத் தூக்கினாள். எதிர்க்கடைக்காரி சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கேக் கடைக்காரி மாவுக் கையோடு விடுவிடுவென்று தெருவைத் தாண்டினாள்.

"நீதானா அது?"

எதிர்க்கடைக்காரி திருதிருவென்று விழித்தாள். "வாங்கக்கா... உக்காருங்க."

"உக்கார வரல. ரோஜாவுக்கு எத்தனாம் நம்பர் நாசில்னு உனக்குத் தெரியாதா? யாரை ஏமாத்துற?"

"தெரியும்க்கா. எனக்காகக் கேக்கல."

"பின்னே?"

"முதல் ஆள் எதை எழுதுறாங்களோ, பின்னாடி வர்றவங்களும் அதையே பிடிச்சுக்கிறாங்க. எனக்கு முதல் ஆள் சிரிச்சுட்டாங்க. வந்தவங்க எல்லாம் வரிசையா சிரிச்சாங்க. உங்களுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான், நான் முந்திக்கிறேன்."

"அதுக்கு, நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போகலாமே?"

"நல்லா இருக்குன்னா, எங்கே நல்லா இருக்குன்னு சண்டைக்கு நாலு பேர் வருவாங்க. கேள்வி கேட்டுப் பாருங்க, வர்றவன் எல்லாம் வாத்தியார் ஆயிடுவான். பாடம் நடத்துறவனுக்குத் திட்ட ஏதுக்கா நேரம்?"

கேக் கடைக்காரி காய்ந்துபோன மாவுக் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"அந்த... உன்னைப் பார்த்து முதல்ல சிரிச்ச ஆள்... பேர் ஏதாச்சும் போட்டிருந்துச்சா?"

"பொய்ப் பேருதான்க்கா."

அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வழியே போகத் திரும்பினாள்.

"'மேசைக்கே ஒரு கால் குட்டை, கேக் எப்படி நேரா நிக்கும்?'னு எழுதியிருந்தாங்க" என்றாள் எதிர்க்கடைக்காரி, பன் தட்டை அடுக்கிக்கொண்டே. "ஆனா என் வீடியோவுல மேசைக் காலே வரலக்கா. உங்க கடையில நின்னு பார்த்தாதான் அது தெரியும்."