மடி திறப்பு விழா

இதனால் உற்றார் உறவினர் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை பத்தரை மணிக்கு, குலதெய்வக் கோவில் வாசலில், ஒரு மடி திறந்து வைக்கப்படுகிறது.

மைக்கைப் பிடித்திருந்த பெரியப்பா ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்.

சக்கர நாற்காலியில் அவன் தன் தொடைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நின்றால் மடி கிடையாது. படுத்தாலும் கிடையாது. உட்கார்ந்தால்தான் உண்டு. இந்தச் சின்ன விஷயம் விளங்க அவனுக்கு முதுகுத்தண்டு முறியவேண்டியிருந்தது.

தலைவர் பிறந்தநாளுக்குக் கட்-அவுட் கட்ட ஏறியவன், தலைவரோடு சேர்ந்து விழுந்தான். தலைவரை மறுநாளே நிமிர்த்திவிட்டார்கள்.

அவன் கால்கள் அன்றே ஓய்வு பெற்றன. இடுப்புக்கு மட்டும் திடீர் உற்சாகம். அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடி மாதிரி, இரண்டு பக்கமும் புது எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிட்டது. பலகையாகக் கிடந்தான்.

“முத்தட்டும், எடுத்துடலாம்” என்றார் டாக்டர், தேங்காயைச் சொல்வதுபோல.

முற்றும்வரை அவனுடைய எக்ஸ்ரே மருத்துவ மாநாடு மாநாடாகப் போய்வந்தது. இடுப்பு சிங்கப்பூர் பார்த்தது. அவன் விட்டத்தைப் பார்த்தான்.

இங்கே தங்கை செண்பகத்தின் மகள் இதழினிக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும்.

“எம் மகனும் மாமன்தானே. அவன் மடி சும்மாத்தானே இருக்கு” என்றார் பெரியப்பா.

“சும்மாவே இருக்கட்டும் பெரியப்பா. எங்கண்ணன் மடி வரட்டும்.”

இரண்டு வருஷம் காத்திருந்தாள். தோடில்லாத காதைப் பார்த்து பஸ்ஸில் எல்லோரும் ‘தம்பி பேரென்ன’ என்று கேட்டார்கள்.

போன தையில் எலும்பை வெட்டி எடுத்தார்கள். இடுப்பு மடங்கியது. டாக்டர் கோணம் அளந்து, தானே மடங்கிய மாதிரி பெருமைப்பட்டார்.

மடங்கினால் போதாது, பிள்ளையைத் தாங்கவேண்டும். ஒரு வாரமாகப் பூசணிக்காயை வைத்துப் பழகினான். இரண்டு உருண்டு உடைந்தன. மூன்றாவது நின்றது.

ஆனால் பூசணிக்காய் உதைக்காது.

பெரியப்பா பரம்பரைப் பெருமையில் கொள்ளுத்தாத்தா வரைக்கும் வந்திருந்தார். செண்பகம் அவர் முடிக்கக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

பத்தர் ஊசியை எடுத்தார்.

இதழினி அலறினாள். துள்ளினாள். உதைத்தாள்.

நழுவவில்லை.

ஒரு காது.

இன்னொரு காது.

குலவைச் சத்தம் மைக்கை அமுக்கியது. செண்பகம் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“இது சாமானிய மடியல்ல” என்று பெரியப்பா மறுபடி தொடங்கினார்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியவருவதில்லை.

குனிந்து பார்த்தான்.

குனிய முடிந்தது.

புது வேட்டி முழுக்க இதழினியின் மூத்திரம்.