புத்தகத்தில் இல்லாதவன்

"இன்னைக்கு யாரு மாட்டப் போறாங்களோ?"

திருவள்ளூரில் ஆதிகேசவன் விகடக் கச்சேரி என்றால் எல்லார் வாயிலும் இதே கேள்விதான். ஊர்க்காரர்களைப் போலவே பேசி, நடந்து காட்டி, வயிறு வலிக்க வைத்துவிடுவான் மனுஷன். மேடையில் தப்பித்தவர்கள் அவன் எழுதுகிற வாரப் பத்திரிகைத் துணுக்கில் மாட்டுவார்கள். அதிலும் தப்பித்தால், பெரியபாளையம் ஆடித் திருவிழாவில் விற்கிற அவனுடைய ரெண்டணா சிரிப்புப் புத்தகம் இருக்கவே இருக்கிறது.

அன்று கோயில் விழாக் கொட்டகையில் முதலில் மாட்டியவர் அத்தர் கடை நூர் முகம்மது. பாட்டிலைத் திறக்காமலே வாசனை காட்டுகிற தன் சாமர்த்தியத்தை மேடையில் பார்த்து, அவரே தொப்பி நழுவச் சிரித்தார்.

அடுத்து ஆதிகேசவன் ஒரு கையை முழங்காலில் ஊன்றினான். காலை இழுத்து இழுத்து மேடையின் குறுக்கே நடந்தான்.

கொட்டகையில் தலைகள் குனிந்தன.

ஸ்டேஷன் வாசலில் பூட்டு ரிப்பேர் செய்கிற தேசப்பன் நடை அது! ஐயோ பாவம், அவனும் முன்வரிசைப் பாயில்தான் உட்கார்ந்திருந்தான்.

விழாக் கமிட்டித் தலைவர், மிட்டாய்க் கடை வரதன் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துய்யா! நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஒருத்தன் ஊனத்தைக் காட்டியா சிரிக்க வைப்பே?"

"அதில்லீங்க..."

"பேசாதே! தேசப்பனாண்ட மன்னிப்புக் கேளு. இல்லாட்டி இனிமே உனக்கு இந்த ஊர்ல மேடையே கெடையாது. அப்புறம் சோத்துக்கு இன்னா பண்றேன்னு பாக்கறேன்!"

கூட்டம் கை தட்டியது. ஆதிகேசவன் கையைக் கூப்பினான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

"கேக்காதே!" என்றான் தேசப்பன், உட்கார்ந்தபடியே. "வரதன் நைனா, நான்தான் அவனை நடந்து காட்டச் சொன்னேன்."

"நீயா? இன்னாத்துக்குடா?"

"அவன் போடற புஸ்தகம் ஒண்ணு வுடாம வாங்கிப் பாத்துக்கினுதான் கீறேன். கோர்ட்டு டவாலி கீறான். அத்தர் பாய் கீறாரு. தராசுல கட்டை வெரலை வெச்சுக்கினு லட்டு நிறுக்கிறாப்ல நீகூட கீறே. நான் மட்டும் எதுலயும் இல்ல. நானும் இந்த ஊருதானே? வருத்தமா இருக்காதா? எத்தினி தபா கெஞ்சியிருப்பேன்! பயந்துக்கினு மாட்டேன்னுட்டான். இன்னைக்குத்தான் ஒத்துக்கினான்."

வரதன் மேடையை விட்டுத் தேசப்பன் பக்கம் வந்தார்.

"தேசப்பா, உன் மனசு நோகக் கூடாதுன்னு நான் ஒரு நாள்கூட உன் காலைப் பாத்ததில்லடா! இப்பகூட, இவன் நடக்க ஆரம்பிச்சதும் தலையைக் குனிஞ்சுக்கினேன்."

"நாங்களும்தான்," என்றார்கள் பின்னாலிருந்து.

"தெரியும் நைனா. தெனம் உன் கடை வழியாத்தான் போறேன், வரேன். எனக்கு எந்தக் காலு நொண்டி, சொல்லு பாப்போம்?"

வரதன் திருதிருவென்று விழித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள்.

"வலது... வலதுதானே?"

தேசப்பன் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"ஆதிகேசவா, இன்னொரு தபா நடந்து காட்டுப்பா. எனக்கு எடது காலுன்னு இந்த ஊர்ல உனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்குது!"